சென்னை வீட்டு நிழலில் பாசித் தரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாமரத்தடியிலும், வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் உள்ள சந்திலும் புல் வராது. கொரியன் புல்லைப் பாய் பாயாக வாங்கிப் பதித்தாலும், வெயில் இல்லாமல் அது மெலிந்து மஞ்சளாகிப் போய்விடும். அந்த மாதிரி இடத்தில் நம் மண்ணுக்கே உரிய பாசியைத் தரைமூடியாக வளர்க்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை.

சென்னை வெயிலில் பாசி வளருமா?

ஏற்கெனவே வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஐப்பசி மழை இரண்டு வாரம் பெய்த பிறகு வீட்டின் பின்பக்கச் சுவர், கிணற்று உறை, பூந்தொட்டியின் அடிப்பாகம், துளசி மாடத்தின் நிழல் பக்கம் எல்லாம் ஒரு சுற்றுப் பாருங்கள். நீங்கள் நடாத பாசி அங்கே இருக்கும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கொட்டிவிடுகிறது. பாசியின் நாட்காட்டியும் அதுதான். ஆவணியில் மாலை மழை பிடிக்கும்போது பச்சை திரும்பும், கார்த்திகை மார்கழியில் உச்சத்தில் இருக்கும், மாசி பங்குனியில் மங்கும், சித்திரை வைகாசியில் காய்ந்து உறங்கும். பன்னிரண்டு மாதமும் பச்சை வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது. அவர்கள் கடைசிக் கேள்விக்கு நேராகப் போய்விடலாம்.

மொட்டை மாடியில் மழைக்காலத்தில் வழுக்குமே, அந்தப் பாசியா?

இல்லை. அந்தக் கரும்பச்சைப் படலத்துக்கு இலையும் கிடையாது, தண்டும் கிடையாது. அது நுண்ணுயிர்களின் வழவழப்பு. இங்கே பேசுவது மாஸ் என்று சொல்லப்படும் தரைப்பாசி. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொன்றும் குட்டித் தண்டும் குட்டி இலைகளும் உள்ள முழுச் செடி. விரலால் வருடினால் மெத்தென்று இருக்கும், கையில் பச்சைக் கறை ஒட்டாது. ஒட்டினால் அது மாடிப்பாசி.

இதற்கு உண்மையான வேர் இல்லை. அடியில் இருக்கும் மெல்லிய இழைகள் பிடித்துக்கொள்ள மட்டும்தான். தண்ணீரையும் சத்தையும் இலை வழியாகவே உறிஞ்சிக்கொள்ளும். அந்த இலையும் பெரும்பாலும் ஒரே ஒரு செல் கனம். கீழே வரும் தண்ணீர், உரம், வெயில் சங்கதிகள் எல்லாம் இந்த ஒரு விஷயத்தில் இருந்துதான் கிளைக்கின்றன.

நம்மூரில் என்னென்ன வகை இருக்கிறது?

சுவரிலும் செங்கல்லிலும் அதிகம் பார்ப்பது ஹையோஃபிலா. நனைந்தால் இலைகள் நட்சத்திரம்போல விரியும், காய்ந்தால் உள்பக்கமாகச் சுருண்டுகொள்ளும். சிமென்ட், சுண்ணாம்பு, செங்கல் எதுவானாலும் அதற்குச் சம்மதம். சென்னைத் தோட்டத்துக்கு முதல் சிபாரிசு இதுதான்.

நடைபாதைக் கல் இடுக்கில் வெள்ளி பூசியதுபோலத் தெரிவது பிரையம் ஆர்ஜென்டியம். இலை நுனியில் பச்சையம் இல்லாததால் அந்த நிறம். கொஞ்சம் வெயிலையும் அவ்வப்போது விழும் மிதியையும் தாங்கும். ஈரமான களிமண்ணில், நல்ல நிழலில், தட்டையான சின்னச் சின்ன இறகுகள் படுத்திருப்பதுபோல ஒன்று வரும். அது ஃபிஸிடென்ஸ். தரைக்கு அழகு, ஆனால் காய்ந்து போவதை அவ்வளவாகப் பொறுக்காது.

தரையோடு ஒட்டி வட்ட வட்டமாகக் கிளைத்துப் படர்வது ரிக்சியா. பள்ளித் தாவரவியலில் படம் வரைந்திருப்பீர்கள். அது மாஸ் இல்லை, அதன் உறவுக்காரன். வந்தால் இருக்கட்டும்.

ஏமாற்றும் செடி ஒன்றும் உண்டு. ஈரச் சுவரோரம் கொத்தமல்லி விதை அளவுகூட இல்லாத பொடி இலைகளோடு அடர்த்தியாக வரும் பைலியா. தூரத்தில் இருந்து பாசி என்றே தோன்றும். அமெரிக்க வெப்பமண்டலத்தில் இருந்து வந்த செடி அது. விட்டால் பாசியை மூடிவிடும், பிடுங்கிவிடுங்கள்.

நர்சரியில் கிடைக்காதா?

கிடைப்பது வேறு பொருள். ஆர்க்கிட் தொட்டிக்கு விற்கும் ஸ்ஃபாக்னம் மாஸ் காய வைத்த நார், பெரும்பாலும் முளைக்காது. மாஸ் ஸ்டிக் என்பது மணி பிளான்ட் ஏறுவதற்காகத் தேங்காய் நார் சுற்றிய கம்பு. கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் கிடைக்கும் ஜாவா மாஸ் தண்ணீருக்குள் வாழ்ந்து பழகியது, தரையில் போட்டால் காய்ந்துவிடும்.

ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்கள் பையில் அள்ளிக்கொண்டு வரும் பழக்கம் இருக்கிறது. வேண்டாம். குளிர்ந்த மேகத்துக்குள் வளர்ந்த பாசி, நம்மூர் இரவுகளின் சூட்டையே தாங்காது. பகல் வெயில் வரை போக வேண்டியதில்லை. அதோடு, சோலைக் காட்டில் இருந்து அள்ளுவது சட்டப்படியும் குற்றம்.

அப்போ எங்கிருந்து எடுப்பது?

உங்கள் வீட்டுச் சுவரில் இருந்து. இல்லாவிட்டால் கேட்டுவிட்டுப் பக்கத்து வீட்டில் இருந்து. இன்னொரு நல்ல இடம், இடிபடும் பழைய வீடுகள். மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் ஃபிளாட் கட்டுவதற்காகப் பழைய சுண்ணாம்புச் சுவர்களைத் தினமும் உடைக்கிறார்கள். மேஸ்திரியிடம் கேட்டால் பாசி படர்ந்த செங்கல்லை அப்படியே தூக்கிக்கொள்ளச் சொல்வார். அதைப் பெயர்க்காமல், செங்கல்லோடு கொண்டுவந்து தரை மட்டத்துக்குப் புதைப்பதுதான் எனக்குத் தெரிந்து தோற்கவே வாய்ப்பில்லாத வழி. பாசிக்கு இடம் மாறியதே தெரியாது.

கோயில் குளப் படிக்கட்டு, பழைய நினைவுச் சின்னங்கள் பக்கம் போகாதீர்கள். கிண்டி தேசியப் பூங்காவில் ஒரு இலையைக்கூட எடுக்கக் கூடாது.

எங்கே எடுத்தாலும் முழுதாகச் சுரண்டாமல், நடுநடுவே திட்டுத் திட்டாக எடுங்கள். மீதி மறுபடி மூடிக்கொள்ளும். எதில் வளர்ந்ததோ அதிலேயே வைப்பது முக்கியம். செங்கல்லில் இருந்தது செங்கல்லுக்கு, மண்ணில் இருந்தது மண்ணுக்கு.

எங்கள் வீட்டில் வடக்குப் பக்கம் எப்போதும் நிழல். அங்கே வைக்கலாமா?

இதை மார்கழியில் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். சென்னை பூமத்திய ரேகைக்கு 13 டிகிரி வடக்கே இருக்கிறது. சூரியன் வடக்கே 23 டிகிரிக்கு மேல் போய்விட்டுத் திரும்புகிறது. அதனால் ஏப்ரல் கடைசி வாரத்தில் உச்சி வெயில் தலைக்கு நேர் மேலே வரும். அதற்கு அப்புறம் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். டிசம்பரில் இருட்டாக இருக்கும் வடக்குச் சந்து, மே மாதக் கத்திரியில் வெயில் வாங்குவது இதனால்தான். குளிர்நாட்டுப் புத்தகங்களில் இருக்கும் வடக்குச் சுவர் ஆலோசனையை அப்படியே நம்ப முடியாது.

மே மாதத்தில் ஒரு நாள் காலை எட்டு, பன்னிரண்டு, மாலை நான்கு என மூன்று வேளையும் போய்ப் பாருங்கள். காலை வெயில் கொஞ்சம் பட்டால் பரவாயில்லை. மேற்கு வெயில் விழும் இடம் உதவாது. மேலே மரமோ, ஸ்லாபோ, பக்கத்து அடுக்குமாடியின் நிழலோ இருந்தால் திசையைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஏசியின் வெளி யூனிட் அனல் காற்றைத் தள்ளும் மூலையை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

எந்த மாதம் ஆரம்பிப்பது?

ஆடி, ஆவணியில் இடத்தைத் தயார் செய்து, புரட்டாசியில் பாசியை வையுங்கள். ஐப்பசியில் பெருமழை வருவதற்குள் அது கொஞ்சமாவது பிடித்திருக்க வேண்டும். அடைமழை நடுவில் வைத்தால் அடித்துக்கொண்டு போய்விடும். தை மாதத்துக்கு மேல் ஆரம்பிப்பது வீண் வேலை.

மண்ணை எப்படித் தயார் செய்வது? கொத்திவிட்டு எரு போடவா?

நேர் எதிர். கொத்தாதீர்கள், எருவும் போடாதீர்கள். மற்றச் செடிகளுக்குப் பொலபொலப்பான மண் நல்லது. வேரில்லாத பாசிக்கு இறுகிய, அசையாத, வழவழப்பான தரை வேண்டும். புல், களை எல்லாவற்றையும் வேரோடு எடுத்துவிட்டு, மேடு பள்ளம் சரிசெய்து, தண்ணீர் தெளித்துக் காலால் மிதித்தோ திமிசு போட்டோ இறுக்குங்கள்.

ஊருக்குள்ளேயே மண் மாறும். திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் கடல் மணல். தண்ணீர் நிற்காது, துகள்கள் உருண்டுகொண்டே இருக்கும், பாசியால் பிடிக்க முடியாது. அங்கே செம்மண்ணும் செங்கல் பொடியும் சம அளவு கலந்து, இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி அழுத்த வேண்டும். அண்ணா நகர், வில்லிவாக்கம், மாம்பலம் பக்கத்துக் களிமண் பாசிக்கு நல்லதுதான். கோடையில் வெடிப்பு விடுவதுதான் அதன் தொல்லை. செங்கல் பொடியை மேலாகத் தூவி அழுத்தினால் வெடிப்பு குறையும். செங்கல் பொடி எங்கே என்று தேட வேண்டாம், வீட்டு வேலை நடக்கும் எந்த இடத்திலும் உடைந்த செங்கல் கிடக்கும். இடித்துச் சலித்துக்கொள்ளலாம்.

மண்ணைப் புளிப்பாக்க வேண்டும், கந்தகம் போட வேண்டும் என்று படித்திருப்பீர்கள். அது குளிர்நாட்டுக் காட்டுப் பாசிக்கான பாடம். நம் ஹையோஃபிலா சிமென்டிலேயே குடியிருப்பது. அதற்குப் புளிப்பு தேவையில்லை.

தண்ணீர் தேங்கக் கூடாது. லேசான சரிவு இருக்கட்டும்.

பாசியைப் பதிப்பது எப்படி?

தகடாக எடுத்தது என்றால், தரையை நன்றாக நனைத்து, மேல் மண்ணைக் கம்பியால் லேசாகக் கீறி, பாசியை வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். அடியில் காற்று இடைவெளி இருந்தால் காய்ந்துவிடும். விளக்குமாற்று ஈர்க்குச்சியை ஊசிபோல மடித்து நான்கு மூலையிலும் குத்திவிட்டால் காகம் கிளறினாலும் நகராது.

கொஞ்சம்தான் கிடைத்தது என்றால் தூவும் முறை. பாசியை நிழலில் காய வைத்தால் அப்பளம்போல நொறுங்கும். அதைக் கையால் பொடித்து, ஈரத் தரையில் தூவி, சலித்த செம்மண்ணை மிக மெல்லிசாக மேலே போட்டு அழுத்துங்கள். ஒவ்வொரு துணுக்கில் இருந்தும் புதுச் செடி வர முடியும். இதன்மேல் பழைய வேட்டித் துணியை ஒரே மடிப்பாக விரித்து, ஓரத்தில் கல் வையுங்கள். துணி மழையின் அடியைத் தாங்கும், ஈரத்தைப் பிடித்துவைக்கும், வெளிச்சத்தையும் விடும். பச்சை தெரிய ஆரம்பித்ததும் மெதுவாக எடுத்துவிடுங்கள். மறந்து போனால் பாசி துணியோடு பின்னிக்கொண்டு, எடுக்கும்போது கூடவே வந்துவிடும்.

முதல் இரண்டு மாதம், மழை இல்லாத நாளில் காலையும் மாலையும் ஸ்பிரேயரில் தெளியுங்கள். குழாயைத் திருப்பிப் பீய்ச்சக் கூடாது.

மோரோடு மிக்சியில் அரைத்து ஊற்றினால் சீக்கிரம் வளருமாமே?

இணையத்தில் மிகவும் பிரபலமான யோசனை இது. பாசிக்கு மோரில் எந்த வேலையும் இல்லை. சென்னைச் சூட்டில் மோர் அன்று மாலையே நாறும், மறுநாள் எறும்பு வரும், மூன்றாம் நாள் வெள்ளைப் பூசணம் பிடிக்கும். அரைப்பதாலும் பாசி நைந்துதான் போகிறது. மோரைக் குடித்துவிட்டுப் பாசிக்கு வெறும் தண்ணீர் கொடுங்கள். அரிசி கழுவின தண்ணீர், பஞ்சகவ்யம், பால் இவற்றுக்கும் இதே பதில்.

எந்தத் தண்ணீர் நல்லது?

இந்த ஊரில் பாசி சாவதற்கு வெயிலைவிடத் தண்ணீர்தான் பெரிய காரணம் என்பது என் எண்ணம். பல இடங்களில் போர் தண்ணீரில் உப்பு அதிகம். வேருள்ள செடி ஓரளவு சமாளித்துக்கொள்ளும். இலை வழியாகவே குடிக்கும் பாசியின் மேல் தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் இலையிலேயே தங்கிவிடும். பாசியின்மேல் வெள்ளையாகப் பூத்திருந்தால் அதுதான் விஷயம். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீர் இன்னும் மோசம், அதில் உப்பு செறிந்திருக்கும். துணி துவைத்த தண்ணீரும் ஆகாது.

மழைத் தண்ணீர்தான் முதல் தரம். மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் 2003-இல் கட்டாயமாக்கினார்கள். வீட்டில் குழாய் ஏற்கெனவே இறங்கியிருக்கும், அதன் வழியில் ஒரு டிரம் வைத்தால் போதும். மூடி கட்டாயம்.

மழை இல்லாத மாதங்களுக்கு ஏசி தண்ணீர். காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்து சொட்டுவது என்பதால் உப்பு கிட்டத்தட்ட இல்லை. நம்மூர்ப் புழுக்கத்தில் ஒரு படுக்கையறை ஏசி ஒரே இரவில் சில லிட்டர் கொடுத்துவிடும், அதுவும் சரியாகக் கோடையில். சொட்டுக் குழாயின் கீழ் ஒரு வாளி வையுங்கள். மெட்ரோ தண்ணீர், அதாவது குடிநீர் வாரியத்தின் தண்ணீர் என்றால் குளோரின் வாசம் போக ஒரு நாள் திறந்த வாளியில் வைத்திருந்து தெளிக்கலாம்.

2019 கோடையில் செம்பரம்பாக்கமும் புழலும் வறண்டு, லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்றது நினைவிருக்கும். அப்படி ஒரு வருடம் வந்தால் பாசிக்குத் தண்ணீரே விடாதீர்கள். காரணம் அடுத்த பதிலில்.

மே மாதத்தில் முழுக்கப் பழுப்பாகிவிட்டது. செத்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. பாசிக்குத் தண்ணீரைச் சேமித்து வைக்கும் வசதி கிடையாது. அதற்குப் பதிலாக முழுசாகக் காய்ந்து, எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு, மறுபடி நனையும்போது எழுந்துகொள்ளும் திறமை இருக்கிறது. ஒரு துண்டை எடுத்துச் சுத்தமான தண்ணீரில் போட்டுப் பாருங்கள். ஹையோஃபிலா என்றால் சில நிமிடத்தில் இலை விரியும். விரிந்து பச்சை தெரிந்தால் உயிரோடு இருக்கிறது. விரிந்தும் காப்பிப் பொடி நிறத்திலேயே இருந்து, மறுநாளும் மாறாவிட்டால் அந்தத் துண்டு போயிற்று.

இங்கேதான் அன்பு மிகுந்தவர்கள் பாசியைக் கொல்கிறார்கள். பாவம், காய்கிறதே என்று பட்டப்பகலில் தெளிப்பார்கள். காய்ந்த பாசி நல்ல சூட்டையும் பொறுக்கும். அதே பாசி நனைந்த நிலையில் 40 டிகிரியைத் தாண்டினால் வெந்துவிடும்.

கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதிலும் ஆபத்து. உலர்ந்த பாசி நனைந்ததும் முதலில் சேதத்தைச் சரிசெய்யக் கையிருப்புச் சத்தைச் செலவழிக்கிறது. அப்புறம் ஈரமாக இருக்கும் நேரத்தில் வெளிச்சத்தைக் கொண்டு சம்பாதித்தால்தான் கணக்கு நேராகும். அரை மணி நேரத்தில் காய்ந்துவிட்டால் செலவு மட்டும் மிச்சம். தினம் இப்படி நடந்தால் கையிருப்பு கரைந்து செத்துவிடும்.

அதனால் இரண்டில் ஒன்று. ஒன்று, கோடை முழுக்க விட்டுவிடுங்கள், மேலே பச்சை நிழல் வலை மட்டும் கட்டுங்கள். இல்லை, பச்சையாகத்தான் இருக்க வேண்டும் என்றால் விடியற்காலையில் நன்றாக ஊற நனைத்து, குறைந்தது பத்து மணி வரை ஈரம் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நான் முதல் வழியைத்தான் சொல்வேன். பழுப்புப் பாசியும் பார்க்க ஒன்றும் மோசமில்லை.

உரம்?

வேண்டாம். யூரியா பட்டால் கருகும்.

கொசு வருமா?

டெங்கு கொசு முட்டையிடத் தேங்கிய தண்ணீர் வேண்டும். ஈரமான பாசி போதாது. ஆனால் பாசிக்காக வைத்த வாளி, டிரம், தொட்டித் தட்டு இவைதான் கொசுவுக்கு வீடு. மாநகராட்சி ஊழியர் வந்து எட்டிப் பார்ப்பதும் அவற்றைத்தான். மூடி வையுங்கள். மழைக்காலத்தில் மரவட்டையும் நத்தையும் வரும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பாசி சுவரைக் கெடுக்காதா? பெயின்டர் சுரண்டச் சொல்கிறாரே.

வேரில்லாததால் பாசி சுவரைப் பிளக்காது. பாசி இருப்பது அங்கே ஈரம் இருக்கிறது என்பதற்கு அடையாளம். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டியதுதான், மேல்தளக் குழாய் கசிவாகவும் இருக்கலாம். பயப்பட வேண்டியது பாசி மெத்தையில் விழும் அரச, ஆல விதைக்கு. காக்கை எச்சத்தில் வந்து, அந்த ஈரத்தில் முளைத்து, விரிசலில் வேரை விட்டால் சுவர் போயிற்று. இரண்டு இலை விடும்போதே பிடுங்குங்கள். குடியிருக்கும் வீட்டுச் சுவரை விட்டுவிட்டுத் தரையிலும் காம்பவுண்டு ஓரத்திலும் மட்டும் வளர்ப்பது உத்தமம்.

பராமரிப்பு என்ன?

இலை பொறுக்குவதுதான் பெரிய வேலை. பாதாம் மரத்தடி என்றால் அந்த அகல இலைகள் ஒரு வாரம் கிடந்தாலே அடியில் பாசி வெளிறிப் போகும். வேம்பும் புங்கையும் பங்குனி வாக்கில் கொட்டும். காய்ந்திருக்கும்போது பெருக்கினால் பாசியும் சேர்ந்து வரும், அதனால் நனைத்துவிட்டு மென்மையான பூந்துடைப்பத்தால் ஒரே திசையில் பெருக்குங்கள்.

களையில் குப்பைமேனி, அம்மான் பச்சரிசி, கீழாநெல்லி மூன்றும் நிச்சயம் வரும். ஒரு கையால் பாசியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பிடுங்க வேண்டும். கோரைக்கிழங்கு வந்தால் அந்த இடத்தைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதுசாக ஆரம்பிப்பதே மேல். தவிட்டுக்குருவிகள் பூச்சி தேடிப் புரட்டும், பெருச்சாளி உழுதே வைக்கும். புரண்ட துண்டுகளைத் திருப்பி வைத்து அழுத்தினால் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

வெள்ளத்தில் ஓரிரு நாள் மூழ்கினால் பாதகமில்லை. வடிந்தபின் மேலே படிந்த சேற்றை உடனே கழுவுங்கள், சேறு காய்ந்து இறுகினால் பாசிக்கு மூச்சு முட்டும்.

மேலே நடக்கலாமா?

எப்போதாவது, வெறுங்காலோடு. தினம் நடக்கும் வழியில் கடப்பா கல் துண்டுகளைப் போட்டு, நடுவில் பாசியை விடுங்கள். வயதானவர்கள் நடமாடும் பாதையிலும், கழிவறைக்குப் போகும் சந்திலும் பாசியே வேண்டாம்.

எவ்வளவு காலத்தில் மூடும்?

முதல் மழைக்காலத்தில் திட்டுகள் பிடிக்கும். இரண்டாவதில் திட்டுகள் ஒன்றையொன்று நெருங்கும். அவசரக்காரர்கள் இதைத் தொடாமல் இருப்பது நல்லது. ஜப்பானில், கியோட்டோவின் சாய்ஹோ-ஜி கோயில் தோட்டத்தில் சுமார் 120 வகைப் பாசிகள் உண்டு என்பார்கள். அந்தப் பாசியையும் யாரும் திட்டமிட்டு நடவில்லை, பராமரிப்பு குறைந்த காலத்தில் தானாகப் படர்ந்ததுதான்.

பால்கனியில், தொட்டியில் வளர்க்கலாமா?

அகலமான மண்சட்டி, அடியில் ஓட்டை, உள்ளே உடைந்த செங்கல், மேலே செம்மண்ணும் செங்கல் பொடியும். கண்ணாடி ஜாடியில் அடைக்காதீர்கள், நம்மூர்ச் சூட்டில் உள்ளேயே அவிந்துவிடும். சட்டியின் வெளிப்பக்கத்திலும் பாசி ஏறும். பிளாஸ்டிக் தொட்டியில் அது நடக்காது.

எல்லாம் செய்தும் பிடிக்கவில்லை, அல்லது கோடையிலும் பச்சை வேண்டும். வேறு என்ன வைக்கலாம்?

நிழலும் ஈரமும் இருந்தால் வல்லாரை. கணுவுக்குக் கணு வேர்விட்டு ஒரே மழைக்காலத்தில் தரையை மூடும், துவையலுக்கும் ஆகும். தண்ணீர் அடிக்கடி தேங்கும் மூலைக்கு நீர்ப்பிரமி. அரை நிழல், கொஞ்சம் வெயில், அதிக மிதி என்றால் பொடுதலை. மூன்றும் நம் மண்ணின் செடிகள், போர் தண்ணீரை ஓரளவு பொறுத்துக்கொள்பவை. வல்லாரையைப் பாசிக்குப் பக்கத்தில் மட்டும் நடாதீர்கள், ஓடுதண்டு விட்டு ஒரே மாதத்தில் பாசி மேல் ஏறிவிடும். நடுவில் செங்கல்லைச் செங்குத்தாகப் புதைத்து வரப்பு கட்டினால் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.